மூக்கொழுகி மலைக்குப் பெயர் சூட்டிய கதை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, மலையடி நாட்டை மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பாயசம் செய்தவனுக்கு மோதிரம் போடுவான், மத்தியானம் அதே பாயசத்துக்காக அவனைச் சிறையில் போடுவான். அப்பேர்ப்பட்ட குணம்.

அரண்மனைக்கு எதிரே ஒரு மலை. அடிவாரத்தில் வாழைத்தோப்பு, இடுப்பில் தேவதாரு, தோளில் வெறும் பாறை, தலையில் எந்த வெயிலுக்கும் தீராத பனி. அந்தப் பனி கோடையில் கொஞ்சம் உருகி இரண்டு ஓடைகளாக வடியும். அதில்தான் நாடே நெல் விளைவித்தது. ஜனங்கள் செல்லமாக வைத்த பெயர் மூக்கொழுகி.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் அந்தப் பெயரைக் கேட்டு, குடித்த மோர் புரையேறும்வரை சிரித்துவிட்டான். ராஜாவுக்கு முகம் சிவந்தது. இனி மலையின் பெயர் மகரவர்மன், பழைய பெயரைச் சொல்கிறவர் நாட்டைவிட்டு வெளியே என்று ஆணை போட்டான்.

அப்படியானால் பேசத் தெரிந்த எல்லோரையும் துரத்தவேண்டி வருமே என்றாள் அமைச்சர் அல்லியங்கோதை. அவள் பதவிமேல் கண்ணாயிருந்த கொற்றங்குடியார், நெய்யில் முக்கிய குரலில், "அமைச்சருக்குப் பிரபுவின் திருநாமம் கசக்கிறதோ என்னவோ" என்றார்.

அவ்வளவுதான். பெயர் ஒட்டாவிட்டால் முதலில் வெளியேறுவது அமைச்சர்தான் என்றான் ராஜா.

"ஒட்டவைத்துவிடலாம் பிரபு. நம் வழக்கப்படி, தாய்மாமன் பக்கத்தில் நிற்க, பெயர் வைப்பவர் பிள்ளையின் காதில் மூன்று தரம் பிசகாமல் சொல்லவேண்டும். உச்சிக்குக் கீழே ஒரு பனிக்குகை இருக்கிறது, அதுதான் மலையின் காது. தாய்மாமன்தான் யாரென்று தெரியவில்லை" என்றாள் அமைச்சர்.

பெருமை கைவிட்டுப் போய்விடுமோ என்று கொற்றங்குடியார் துள்ளி எழுந்தார். "நானே தாய்மாமன். மலை என் மருமகப்பிள்ளை."

மூவரும் ஏறினார்கள். அமைச்சர் மட்டும் மூக்கை மூடிக் கம்பளி சுற்றிக்கொண்டாள். வாழைத்தோப்பில் விசிறி கேட்ட ராஜா, தேவதாருக் காட்டில் சால்வை கேட்டான். பாறைக்கு வந்ததும் கொற்றங்குடியாரின் சால்வையையும் கேட்டான். பனியில் கால் வைத்தபோது மீசை ஆணியாக விறைத்தது. காலடியில் பனிக்கட்டி மடாரென்று விரிய, தாய்மாமன் மருமகனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

குகைவாசலில் ராஜா நெஞ்சை நிமிர்த்தினான். மூக்கு ஒழுகி, அடைத்து, மறுபடி ஒழுகிக்கொண்டிருந்தது.

"பகரவர்பன்."

குகையும் 'பகரவர்பன்' என்றது.

"பிசகிவிட்டது பிரபு. முதலிலிருந்து" என்றாள் அமைச்சர்.

"பகரவர்ப... அச்சூ."

ராஜா கொற்றங்குடியாரைச் சொல்லச் சொன்னான். "பகாராஜா, எனக்குப் பூக்கு அடைக்கிறது" என்றார் அவர், இரண்டு ஓடையும் வடிய.

ராஜா அவர் மூக்கைப் பார்த்தான், தன் மூக்கைத் தடவினான், கம்பளிக்குள் குலுங்கும் அமைச்சரைப் பார்த்தான். பிறகு சிரித்த சிரிப்பில் குகைக்கூரையிலிருந்து பனி பொத்தென்று கொற்றங்குடியார் தலையில் விழுந்தது.

"தெரிந்துதானே கூட்டிவந்தாய்? சரி, பூக்கொழுகியே இருக்கட்டுப்."

கீழே இறங்கியதும் ஆணை ரத்து. அமைச்சர் கழுத்தில் ராஜாவின் முத்துமாலை. கொற்றங்குடியார் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தார்.

"எங்கே போகிறீர் மாமா?" என்றான் ராஜா. "வருஷா வருஷம் மருமகனுக்குச் சீர் கொண்டுபோக வேண்டாமா?"

அதுமுதல் கோடை வந்தால், தலையில் தாம்பாளத்தோடு ஒருவர் தும்மிக்கொண்டே மலையேறுவார். பட்டு வேட்டி, கற்கண்டு, பழமெல்லாம் அவர் செலவு. அமைச்சர் தன் பங்குக்கு ஒரு கைக்குட்டை வைத்தனுப்புவாள். அது மலைக்கா, மாமனுக்கா என்று அவள் கடைசிவரை சொல்லவேயில்லை.