அறுத்துவிட்ட சத்தம்

லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தபோது குப்பண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தறிப் பட்டறையை மூடிவிட்டு வந்தவர். அவருக்குக் குருவாக வாய்த்த மாதேசன் வயதில் இளையவர். குப்பண்ணன் அவரை வாத்தியாரே என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

இருவரும் குஜராத்தில் கட்ச் பக்கம் உப்பு ஏற்றப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"வாத்தியாரே, கேபினுக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டுக்கலாமா? ஃபேன், குக்கர், செல்போன் சார்ஜ் எல்லாத்துக்கும் ஆவும். வீடாட்டம் இருக்கும்."

"போட்டுக்கலாம்ணே."

"எப்படிப்பட்டதா பாத்து வாங்கறது?"

மாதேசன் முன்னால் எதையோ பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

உச்சி வெயில். இருபுறமும் வெள்ளை வெளேரென்று உப்பு நிலம். அது எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அதன் நடுவே ஒரு லாரி நின்றது. தமிழ்நாட்டு நம்பர். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது.

இறங்கிப்போய்க் குரல் கொடுத்தார்கள். பதில் இல்லை. ஏறிப் பார்த்தார்கள்.

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மாதா படத்தைச் சுற்றிச் சீரியல் பல்புகள் சிவப்பும் பச்சையுமாக மின்னின. சீட்டில் விரித்த துண்டில் ஆள் படுத்த சுருக்கம் அப்படியே இருந்தது. ஆள் இல்லை.

"இந்தப் பொட்டக்காட்டுக்குள்ள அதுபாட்டுக்கு ஓடுது பாருங்க" என்றார் குப்பண்ணன். "இதே மாதிரி ஒண்ணு வாங்கலாம் வாத்தியாரே."

மாதேசன் சாவியைத் திருப்பினார். டொக் என்று ஒரு சத்தம். ஃபேன் ஒரு நொடி தயங்கி மறுபடி சுற்றியது. இன்ஜின் அசையவில்லை.

"ஃபேன் சுத்தற அளவுக்குத்தான் பேட்டரி மிச்சம்" என்றார்.

சீட்டுக்கு அடியில் இன்வெர்ட்டர் மூடி கழற்றிக் கிடந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் கத்தியால் அறுபட்டுத் தொங்கியது.

"இது என்ன?"

"பேட்டரி சார்ஜ் இறங்கினா எச்சரிக்கையா கத்தறது."

"யாரு அறுத்தது?"

மாதேசன் வெளியே பார்த்தார். உப்பின்மேல் காலடித் தடம் ஒன்று போயிருந்தது. ரோட்டுப் பக்கம் இல்லை. ஒன்றுமே இல்லாத பக்கம்.

"உதவிக்கு ஆள் தேடறவன் அங்க எதுக்குப் போறான்?" என்றார் குப்பண்ணன்.

தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு தடத்தின் மேலேயே நடந்தார்கள். காலுக்கடியில் உப்பு நொறுங்கியது. வேறு சத்தம் இல்லை. ஒரு காக்கைகூட இல்லை.

ரொம்ப தூரம் போன பிறகு ஒரு ஆள் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அடுத்த அறையில் யாரோ பேசுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்திருந்தார்.

"அண்ணே!" என்று குப்பண்ணன் கூப்பிட்டார்.

திரும்பாமலே கையை உயர்த்தி அடக்கினார் அவர். "சும்மா இருங்க. இப்பதான் கிட்ட வந்திருக்கு."

"எது?"

"கத்துதுல்ல?"

இருவரும் காதைத் தீட்டினார்கள். எதுவும் கேட்கவில்லை.

மாதேசன் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். உதடு வெடித்து வெளுத்திருந்தது. பெயர் சூசை என்றார்.

"லோடுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். ஃபேனைப் போட்டுப் படுத்தா பொட்டி கத்துது. தூங்க விடல. வயரை அறுத்துட்டேன். நல்ல தூக்கம். எந்திரிச்சா வண்டி ஸ்டார்ட் ஆகல. செல்லுல சிக்னலும் இல்ல. யாராச்சும் வருவாங்கன்னு உக்காந்திருந்தேன். அப்ப மறுபடி கத்துச்சு."

"அறுத்ததுக்கு அப்புறமா?"

"பொட்டியில காதை வச்சுப் பார்த்தேன். அதுல இல்ல. வெளிய, தூரத்துல கேட்டுச்சு. போய் நிறுத்திட்டு வந்துடலாம்னு எறங்கினேன். நடக்க நடக்கத் தள்ளிப் போவுது."

ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி நடத்திவந்தார்கள். வழி நெடுக அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். குப்பண்ணன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவருடைய முதலாளிக்குப் போன் செய்தார்கள். குளுக்கோஸ் ஏறியதும் சூசைக்கு முகம் தெளிந்தது. பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். ஆனால் சூசை இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடியே படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பேட்டரி கடை. மாதேசன் உள்ளே போனார். குப்பண்ணன் பின்னால் போனார்.

கடைக்காரர் இந்தியில் பேசினார். மாதேசன் தமிழில் சொன்னார். "எத்தனை வாட்ஸ்னு கேக்கறார்."

"ஒரு ஃபேன், ஒரு செல்போன். அது போதும்."

கடைக்காரர் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்துச் சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"நல்ல சாமானாம். பேட்டரி இறங்கினா மட்டும் ரொம்பக் கத்துமாம். டிரைவருங்க திட்டறாங்களாம். வேணும்னா அந்தச் சத்தத்தை இப்பவே எடுத்துவிட்டுத் தர்றாராம்."

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டிருந்தார். குப்பண்ணன் பெட்டியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"எடுத்துட்டா அந்தச் சத்தம் எங்க போவும் வாத்தியாரே?"

"நீங்கதான் அந்த உப்பு மேல கூட நடந்து போய்ப் பார்த்துட்டு வந்தீங்களேண்ணே" என்றார் மாதேசன்.