வளைவில் அலறிய பிக்கப்

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ரத்தினசபாபதி என்றொரு மேனேஜர் இருந்தார். அறிவைவிட அதிகாரம் அதிகம். அவருடைய புதுப் பிக்கப் வண்டி, தார்ரோட்டில் திரும்பும்போதெல்லாம் அடியில் கடகடவென்று அலறியது. மூன்று மெக்கானிக்குகள் கழற்றிப் பார்த்துக் கைவிரித்துவிட்டார்கள்.

கடைசியில் பழி வண்டி கழுவும் மரியபுஷ்பத்தின் தலையில் விழுந்தது. ஷெட்டில் எல்லார் முன்னாலும் மேனேஜர் பாய்ந்தார். "நீ அடியில தண்ணி பீச்சித்தான் வண்டி கெட்டுச்சு! இன்னைக்கே சத்தத்தை நிறுத்து. இல்லேன்னா நாளையிலருந்து வேலைக்கு வராதே!"

 மரியபுஷ்பம் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியைக் காட்டினாள். "இது எதுக்குங்க தொரை?"

"நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க. சேறு, சறுக்கலுக்குன்னு கொடுத்தது."

"காய்ஞ்ச ரோட்டுலயும் போடுவீங்களா?"

"எப்பவும் அதுலதான் ஓட்டுவேன்! ரெண்டு சக்கரத்துல ஓட்டறது பயந்தாங்கொள்ளிங்க வேலை."

"ஒரு தடவை எனக்காகப் பயந்து ஓட்டுங்க தொரை."

கம்பியை இரண்டு சக்கரத்துக்குத் தள்ளிவிட்டு அவர் ஓட்டினார். இடம், வலம் எங்கே திருப்பியும் வண்டி முனகக்கூட இல்லை.

"வளைவுல ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு தூரம் ஓடணுங்க. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டா அலறாதா?" என்றாள்.

"அப்போ எதுதான் கெட்டுப்போச்சு?" என்று மேனேஜர் உறுமினார்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. மரை கழண்டது வேற இடத்துல."

ஷெட்டே சிரித்தது. மறுநாளும் மரியபுஷ்பம்தான் வண்டியைக் கழுவினாள். மேனேஜர்தான் அந்தப் பக்கம் வரவில்லை.