மாடத்தி தின்ன சுடுசோறு

தூக்கம் வரலியா? வராது. சாயங்காலம் பூரா பூனை மாதிரி சுருண்டு கிடந்தா இப்போ எங்கருந்து வரும்? சரி, இங்கிட்டுத் திரும்பிப் படு. காலைத் தூக்கி எம்மேல போடாத, சவமே. பெரியம்மா ஒரு கதை சொல்லுதேன். நீ 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுரும், பாத்துக்க.

ஒரு ஊர்ல ஒரு மாடத்தி இருந்தா. கடற்கரைப் பக்கம், உப்பளத்து ஊரு. அவளுக்கு ஒரு புருசன், பேரு அய்யாக்குட்டி. ஒரு மாமியா, பேரு பிச்சம்மா. அப்புறம் ஒரு பூனை. அந்த மாடத்திக்கு என்ன குறைன்னா, நாப்பது வயசாகியும் அவ சுடுசோறே தின்னதில்ல.

ம் சொல்லு.

ஏன் தின்னதில்லன்னா கேளு. விடியுமுன்ன புருசனும் பொண்டாட்டியும் உப்பளத்துக்குப் போயிருவாங்க. வெயில் ஏறுனதும் வந்து உலை வைப்பா. சோறு கொதகொதன்னு கொதிக்கும். மாமியாளுக்குப் போடுவா, புருசனுக்குப் போடுவா, பூனைக்குக் கூடப் போட்டுருவா. கடைசியில தனக்குப் போட்டுக்கிட்டு உக்காருவா. கையை வைக்கணும், அப்போ கேக்கும் பாரு ஒரு சத்தம்!

"ஏ மாடத்தீ!"

யாரு? எதுத்தாப்புல மச்சு வீட்டம்மா. மாடி சன்னல்ல இருந்து கூப்பிடுவா. அவ்வளவுதான், மாடத்தி திடுதிடுதிடுன்னு ஓடிருவா. திரும்பி வந்தா சோறு சில்லுன்னு கிடக்கும். அதைத்தான் தின்பா.

ஏன் ஓடணும்னு கேக்கியா? மழை வந்துட்டா உப்பளத்துல வேலை கிடையாது, கண்ணு. உப்பு எல்லாம் கரைஞ்சு போயிரும். மாசக்கணக்குல சும்மா கிடக்கணும். அப்போ அரிசிக்கும் பருப்புக்கும் மச்சு வீட்டம்மாகிட்டதான் போய் நிக்கணும். அவளும் கைமாத்துக் குடுப்பா. குடுத்துட்டு வருசம் பூரா கூப்பிடுவா. போய்ச் செஞ்ச வேலைக்கு ஒத்தப் பைசா குடுக்க மாட்டா.

அப்போ ஒரு நாள், அய்யாக்குட்டியோட பொத்தான் போனு 'டிங்'னு சத்தம் போட்டுது. பிச்சம்மா பயந்து போயி, "ஏலே, பல்லி கத்துது, நல்ல சகுனமான்னு பாரு"ங்கா. பாத்தா, வீட்டுப் பொம்பளைக்கு மாசாமாசம்னு அரசாங்கத்துல இருந்து பணம் வந்திருக்கு. மாடத்தி பேருல, மாடத்தி கணக்குல!

அய்யாக்குட்டிக்கு உடனே தலை கால் புரியல. "ஒரு ரேடியோ வாங்குவோமா? லைட்டு எரியுற ரேடியோ?"ன்னான்.

பிச்சம்மா, "எனக்குப் பல்லு கட்டணும்"னா.

மாடத்தி ரெண்டு பேரையும் ஒரு பார்வை பாத்தா. "சாளை மீனு வாங்குதேன். சுடுசோறு திங்கப் போறேன்"ன்னுட்டா.

அப்புறம் மீன் கொழம்பு வச்சா. வாசம் தெருவைத் தூக்குது. எல்லாருக்கும் போட்டுட்டு உக்காந்தா. கையை வைக்கப் போறா...

"ஏ மாடத்தீ!"

திடுதிடுதிடு. ஓடிட்டா! போய்ப் பாத்தா, சொவத்துல ஒரு பல்லி. அதை விரட்டணுமாம். விரட்டிட்டு வந்தா சோறு சில்லுன்னு கிடக்கு. மீனு? பூனை வாயைத் துடைச்சுக்கிட்டு இருக்கு.

சிரிக்காத, மெதுவா. அப்பா முழிச்சுக்குவாரு.

"ஏன் ஓடுன?"ன்னான் அய்யாக்குட்டி.

"பழைய பாக்கி இருக்குல்லா?"ன்னா மாடத்தி.

சரின்னு, மாசாமாசம் டிங்குன்னு வந்த பணத்தை எல்லாம் அந்தப் பாக்கிக்கே குடுத்தா. ஒரு வழியா அடைஞ்சுது. அப்புறம் மறுபடியும் சாளை, மறுபடியும் கொழம்பு. பூனை மேல கூடையைக் கவுத்தாச்சு. உக்காந்தா.

"ஏ மாடத்தீ!"

திடுதிடுதிடு!

இந்த வாட்டி கொடியில சேலை முறுக்கிக்கிச்சாம். அதைப் பிரிச்சு விடணுமாம். திரும்பி வந்தா, சோறு சில்லு.

அய்யாக்குட்டிக்குக் கோவம். "பாக்கிதான் முடிஞ்சு போச்சே! இப்போ எதுக்கு ஓடுன?"

மாடத்தி யோசிச்சா. "முடிஞ்சுதான் போச்சு. ஆனா மழை வரும்லா? வந்தா அங்கதான போய் நிக்கணும்? எனக்கு முந்தி என் காலு ஓடிருது, நான் என்ன செய்ய?"ன்னா.

ம் எங்க? ஆங். முழிச்சிருக்கியா?

அப்போ மழையும் வந்துச்சு. சோன்னு ஊத்துது. உப்பளம் எல்லாம் தண்ணி. வேலை நின்னு போச்சு. பழைய பாக்கி அடையாத சனம் எல்லாம் மச்சு வீட்டு வாசல்ல குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கி. மச்சு வீட்டம்மா மேல இருந்து எட்டி எட்டிப் பாக்கா. எல்லாரும் நிக்காங்க, மாடத்தியக் காணோம்!

ஏன் காணோம்? வீட்டுல டிங்! அரிசிப் பானை நிறைஞ்சிருக்கு. பருப்பு இருக்கு. மழை பெய்ய, அவ பாட்டுக்குத் தன் வீட்டுக்குள்ள இருக்கா. அவளுக்கே நம்ப முடியல. ராத்திரி எந்திரிச்சுப் பானைய ஒரு தரம் தொட்டுப் பாத்துக்கிட்டாளாம்.

மறுநாள் உலை வச்சா. மாமியா சொல்லிட்டா, "இன்னிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். நீயும் உக்காரு." உக்கார வச்சு, மருமக முந்தானையைப் பிடிச்சு அம்மிக் குழவியில ஒரு முடிச்சுப் போட்டா!

சோத்துல ஆவி பறக்குது. அப்போ...

"ஏ மாடத்தீ!"

எல்லாரும் யாரைப் பாத்தாங்க? மாடத்தி காலைத்தான் பாத்தாங்க! அது துடிக்குது. பிச்சம்மா, "இரு! இது உச்சி வேளை. முதக் குரலுக்கு ஏன்னு கேட்டா பேய் பிடிச்சுக்கும். மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுசங்க. பேய்க்கு ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிடச் சத்து கிடையாது"ன்னா.

"ஏ மாடத்தீ!"

ரெண்டு. கொடகொடன்னு குழவி ஆடுது. அய்யாக்குட்டி அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

"ஏஏஏ மாடத்தீ!"

மூணு. மனுசங்கதான். இப்போ பதில் சொல்லியாகணும். மாடத்தி வாயைத் திறந்தா, கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம் வந்துது. இன்னொரு தரம் திறந்தா. "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் தாயீ! சாப்பிட்டுட்டு வாரேன்!"

மழையே ஒரு நிமிசம் நின்ன மாதிரி இருந்துச்சாம்.

சொன்ன சந்தோசத்துல ஒரு கைச் சோத்தை அள்ளி வாயில போட்டா பாரு... ஆ! ஊ! ஆஃப்! ஊஃப்! நாக்கு வெந்து போச்சு! அவளுக்கு ஊதித் திங்கத் தெரியல, கண்ணு. சில்லுன்னு தின்னுதான பழக்கம்? நாப்பது வயசுப் பொம்பளைக்குச் சோத்தை ஊதத் தெரியலன்னா பாரேன். எனக்கு அதை நெனச்சா சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலாவும் வருது.

அப்போ பிச்சம்மா பல்லு இல்லாத வாயை வச்சு, 'பூ... பூ...'ன்னு ஊதிக் காட்டுதா. அய்யாக்குட்டியும் ஊதுதான். ஊது ஊதுன்னு மூணு பேரும் ஊதுதாங்க. அந்த நேரம் பாத்துக் குடையோட வாசல்ல வந்து நிக்கா மச்சு வீட்டம்மா!

"ஏட்டி, உனக்குக் காது அடைச்சுப் போச்சா? டிவி ரிமோட்டு கட்டிலுக்கு அடியில விழுந்துருச்சு!"

மாடத்தி வாய் நிறையச் சோறு. பேச முடியல. கையை மட்டும் தூக்கி, இருங்கன்னு காட்டுனா. பிச்சம்மா ஒரு உப்புப் பெட்டியைக் கவுத்துப் போட்டு, "உக்காருங்க தாயி, அவ தின்னு முடிக்கட்டும்"னா. வெளிய மழை. அந்தம்மா என்ன செய்வா? கிர்ர்ர்னு பெட்டி மேல உக்காந்தா. மாடத்தி பூ பூன்னு ஊதி, நிதானமா, மறுசோறும் போட்டுத் தின்னா.

அப்புறம் கையைக் கழுவிட்டுப் போனா. ரிமோட்டை எடுத்துக் குடுத்துட்டு, கூலி கேட்டா. வாங்கிட்டும் வந்தா!

அதுல இருந்து மச்சு வீட்டம்மா கூப்பிடுறதே மாறிப் போச்சாம். "ஏ மாடத்தீ, சாப்பிட்டாச்சா?" அப்படின்னுதான் கேப்பாளாம். மாடத்தி தின்னு முடிச்சு, வெத்தலையும் போட்டுக்கிட்டு, "இன்னும் இல்ல தாயி"ம்பாளாம்!

என்னட்டி? சுடுசோறு எப்படி இருந்துச்சுன்னு கேக்கியா? நாக்குதான் வெந்து போச்சே, அன்னிக்கு ருசியே தெரியலையாம். ஆனா மறுநாளும் இருந்துச்சுல்லா, மறுநாள் தின்னு பாத்துக்கிட்டா.

ம் சத்தத்தைக் காணோம். சோறு சூடா இருக்கட்டும், கதை ஆறிப் போச்சு. கண்ணை மூடித் தூங்கு.