பனியன் கம்பெனியில் தற்காப்பு வகுப்பு

"எவனோ கை வைக்கிறான்னு புலம்பறீங்க. யாருன்னு கேட்டா ஒருத்தியும் வாயைத் திறக்கறதில்ல" என்று கத்திய பனியன் கம்பெனி முதலாளி, பெண்களுக்குக் கராத்தே மாஸ்டரை வரவழைத்தார். பேரைச் சொன்னால் வேலை போய்விடும். முன்பு சொன்ன ஒருத்திக்குப் போயும்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு. மாஸ்டர் ரவுடி மாதிரி பாய்ந்து வந்தார். பெண்கள் டிபன் பாக்ஸும் கையுமாக நின்று சிரித்தார்கள்.

"ஆபத்து வந்தா உடம்பு தானா விலகணும்மா! அதுக்கு மாசக்கணக்குல பழகணும்" என்று மாஸ்டர் அலுத்துக்கொண்டார்.

பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற பூவாத்தா கை தூக்கினாள். "உங்களைப் பார்த்தா பயமே வரலீங்க மாஸ்டர். எங்க சூப்பர்வைசர் வரட்டுமுங்க."

முதலாளி தலையாட்டினார். சூப்பர்வைசர் பாயவில்லை, மீசையைத் தடவிக்கொண்டு சும்மா நடந்துதான் வந்தார். அத்தனை பெண்களும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். டிபன் பாக்ஸ்கள் மார்புக்கு நேரே ஏறின. ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

மாஸ்டர் அசந்துபோனார். "அட, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! இதெல்லாம் யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

பூவாத்தா சூப்பர்வைசர் பக்கம் கையைக் காட்டி, முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்.

"இவருதானுங்க. தினமும் வகுப்பு எடுக்கறாருங்க."