கட்டாமல் விட்ட கயிறு

எங்கள் கடற்கரையில் வயர்லெஸ் படிக்க வந்தவருக்கு வயது அறுபது. சொல்லிக்கொடுத்தவளுக்கு முப்பத்தொன்று. ஊர் சிரிக்கத்தான் செய்தது. சூசையடிமை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பெர்பெத்தாவை டீச்சர் என்றே கூப்பிட்டார். அவள் அவரை மாமா என்றாள்.

படிக்க வந்ததற்குக் காரணம் மகன். ஜெரிமோன் ஆழ்கடல் விசைப்படகில் போயிருந்தான், திரும்ப இன்னும் இருபது நாள் ஆகும். காற்று எச்சரிக்கை வந்தால் படகுகளுக்குச் சொல்ல எங்களுக்கு இருந்தது அந்த ஒரே வயர்லெஸ் அறைதான். அதன் ஆன்டெனா அந்த மாதத்தில் இரண்டு தடவை முறிந்துவிட்டது.

ஆன்டெனா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரும்புக் கம்பத்தின் உச்சியில் கிடையாக நீட்டிய மூன்று அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றும் பதினோரு முழம். புயலில் முறிந்திருந்தால்கூட மனசு ஆறும். இரண்டு தடவையும் முறிந்தது, காயப்போட்ட சட்டை லேசாக ஆடுகிற இளங்காற்றில்.

புதுக் குழாய்கள் வந்த அன்று, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு நைலான் கயிற்றைப் போட்டு வாயை அடைத்துவைக்கச் சூசையடிமையிடம் சொல்லிவிட்டுப் பெர்பெத்தா வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால், மூன்று குழாயிலும் கயிறு விறைப்பாக இழுத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருந்தது. மனுஷர் முப்பத்தைந்து வருஷம் வலைக்கயிறும் நங்கூரக்கயிறும் பிடித்தவர். தொய்ந்த கயிற்றைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்குமா?

அவள் திட்டவில்லை. ஒரு குழாயை எடுத்து, கடலைப் பார்த்த சுவரில் நடுப்பகுதியைப் பிடித்து மாட்டினாள். காற்று லேசாகத்தான் அடித்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னாள். இன்ஜின் ஓடுகிற படகின் பலகை மாதிரி அது உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. இந்த அதிர்வுதான் ராவும் பகலும் தின்று தின்று குழாயைக் கம்பத்தில் பிடித்த இடத்தில் முறிக்கிறது என்றாள். பிறகு முடிச்சுகளை அறுத்தாள். கயிறு குழாய்க்குள் தொப்பென்று விழுந்தது. மறுபடி தொடச் சொன்னாள்.

அதே காற்றுதான். குழாய் அடங்கிக் கிடந்தது.

கத்தியை அவரிடம் நீட்டினாள். மற்ற இரண்டையும் அவரே அறுக்க வேண்டுமாம். சூசையடிமை வாங்கவில்லை. கண்ணால் பார்த்தும் மனம் ஒப்பவில்லை, பாவம்.

"அவன் அங்க நடுக்கடல்ல கெடக்கான், டீச்சர். நான் இங்க எல்லாத்தையும் தொய்வா விட்டுட்டு இருக்கவா?"

"அறுங்க, மாமா."

பிறகு கத்தியை வாங்கி அறுத்தார். ஒவ்வொரு முடிச்சுக்கும் அவர் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். அன்றைக்கே குழாய்களை மேலே ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு அவர் அந்த அறையைவிட்டு நகரவில்லை. சாப்பாடும் அங்கேதான். ஒன்பதாம் நாள் காலையில் எச்சரிக்கை வந்தது. மைக்கைப் பிடித்துப் படகுப் படகாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பத்துப் படகு பதில் சொன்னது. ஜெரிமோனின் படகு சொல்லவில்லை. குரல் கம்மிப்போனது, ஆனாலும் விடவில்லை. உச்சிவெயில் வரை அதே பேரைக் கூப்பிட்டார். கடைசியில் கரகரவென்று மகன் குரல் வந்தது. கேட்டுவிட்டதாம், பக்கத்துத் தீவுக்குப் படகைத் திருப்புகிறார்களாம். சூசையடிமை மைக்கை வைத்துவிட்டு அழுதார்.

அதிலிருந்து ஆறாம் நாள் பையன் கரையில் இறங்கினான். அவனைக் கட்டிப்பிடித்த கையோடு கம்பத்தடிக்கு வந்தார். பெர்பெத்தா அங்கே நின்றிருந்தாள். மேலே மூன்று குழாயும் அப்படியே இருந்தன.

"அந்தக் கயிறு எதையும் இழுக்கல, எதையும் பிடிக்கல. பின்ன என்னதான் செஞ்சுது, டீச்சர்?"

"குழாய் நடுங்கினப்ப எல்லாம் கூடக் கெடந்து ஆடிச்சு, மாமா."