சுரண்டுகத்தியின் சாட்சி

ஒரு மலை மடத்தில் இரண்டு லத்தீன் நூல்கள் இருந்தன. இரண்டும் ஆட்டுத்தோலில் கையால் எழுதப்பட்டவை. ஒன்று முழு விவிலியம்; புதியது, கனமானது. மற்றொன்று வாசக நூல். திருப்பலி வழிபாட்டில் அந்தந்த நாளுக்கு வாசிக்க வேண்டிய பகுதிகள் மட்டும் அதில் இருந்தன. மெழுகும் விரல் அழுக்கும் பட்டு அதன் ஓரங்கள் கறுத்திருந்தன.

"தோல் கிடைப்பதில்லை, பிரதர்," என்றார் மடாதிபதி, எழுத்தர் ஓத்மாரிடம். "வாசக நூலை விவிலியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எழுத்தைச் சுரண்டிவிட்டு அந்தத் தோலில் வேறு எழுதுங்கள்."

ஓத்மார் இரண்டையும் மேசையில் விரித்தார். நடுவே சுரண்டுகத்தியை வைத்துவிட்டு மதியச் செபத்துக்குப் போனார்.

விவிலியம் உடனே ஆரம்பித்தது. "உன் பகுதி ஒவ்வொன்றும் 'அக்காலத்தில்' என்று தொடங்குகிறதே, எந்தக் காலத்தில்? நற்செய்தி எழுதிய லூக்கா அப்படி எழுதவில்லை. அந்தச் சொல்லை உனக்கு யார் கொடுத்தது?"

"நடுவிலிருந்து எடுத்து வாசிக்கிறோம், பெரியவரே. கேட்பவர்கள் உள்ளே வர ஒரு வாசல் வேண்டாமா?"

"வாசலா? திருடனும் வாசல் வழியாகத்தான் வருவான்."

"வாசல் வழியாக வராதவன்தான் திருடன் என்று உங்களிடமே எழுதியிருக்கிறதே! வருஷம் தவறாமல் வாசிக்கிறோம்."

"வாய் வேறு! ஒன்றைச் சேர்த்தவன் இன்னும் எத்தனை சேர்த்திருப்பானோ. கத்தி, அந்தச் சொல் இருக்கும் இடமெல்லாம் சுரண்டு."

"உங்களிடம் இருப்பதையுமா?" என்று கேட்டது கத்தி.

"என்னிடமா?"

"லூக்காவின் நடுவில், இடப்பக்கம், ஏழாம் வரி. உங்களை எழுதியபோது நான் ஓத்மாரின் இடது கையில் இருந்தேன். வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் எழுதினார். கோவிலில் கேட்டுக் கேட்டுப் பழகியது வாயில் வந்தது. கை அதையும் எழுதிவிட்டது. அவருக்கே இன்னும் தெரியாது."

விவிலியம் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. ஏழாம் வரியில், அதே கறுப்பு மையில், அந்தச் சொல் இருந்தது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. விவிலியம் படாரென்று மூடிக்கொண்டது. அட்டையின் கொக்கி இறுகியது.

ஓத்மார் இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. "ஈரக்காற்றில் இறுகிவிட்டது போல," என்று முணுமுணுத்தார். ஒப்பிட வழியில்லாமல் வாசக நூலை ஒரு கீறலும் இல்லாமல் பீடத்துக்கே எடுத்துப் போனார்.

அன்றுமுதல் விவிலியம் வாசக நூலைச் சந்தேகிக்கவில்லை. கத்தியைத்தான் சந்தேகித்தது.