மாரிச்செல்விக்கு வந்த வயித்து வலி

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. மாரிச்செல்வின்னு பேரு, மூணாங்கிளாஸ். அப்பா லாரி ஓட்டப் போனா வர வாரக்கணக்காகும். வீட்ல அவளும் அம்மா கோமதியும்தான். ம் சொல்லு.

ஒருநாள் மாரி பள்ளிக்கூடம் விட்டு குடுகுடுன்னு ஓடி வர்றா. அடுப்புல சோறு கருகி குபுகுபுன்னு புகை. தரையில அம்மா. கையும் காலும் வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குது, வாயில நுரை. வலிப்புடா கண்ணு. மாரி கத்தப் பாக்குறா, தொண்டையில சத்தமே வரல. சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நின்னா. அப்புறம் பக்கத்து வீட்டு பொன்னுத்தாய் அத்தை புகையப் பாத்துட்டு ஓடி வந்தாங்க. அம்மா பொழைச்சுக்கிட்டாங்க.

அம்மா எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டாங்க. மாரிக்குத்தான் சரியாகல. காலையில யூனிஃபார்ம் போட்டாலே வயித்துல சுருக் சுருக்குன்னு குத்தும். பள்ளிக்கூட வாசல்லயே 'உவ்வே'ன்னு வாந்தி. டாக்டர் டானிக் குடுத்தாரு, நிக்கல. அப்புறம் அத்தை மந்திரிச்சுக் கயிறு கட்டிவிட்டாங்க, அதுக்கும் நிக்கல. அப்புறம் கிளாஸ் டீச்சர், இவ நடிக்கிறான்னு நெனச்சு, வாந்திய அவளையே மண்ணு போட்டு அள்ளச் சொன்னாங்க. எல்லாப் பிள்ளைங்களும் பாக்க, அழுதுகிட்டே அள்ளினா. நின்னுதா? நிக்கல.

வராந்தாவுல யாராவது டக் டக்னு நடந்து வந்தா போதும், மாரிக்கு நெஞ்சு திக் திக்னு அடிச்சுக்கும். ஏன்னு யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நடந்துருமோன்னு பயம்.

ம்... கேக்குறியா?

அப்போ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரெஜினா டீச்சர்னு ஒருத்தங்க வந்துபோவாங்க. பாடம் நடத்துறவங்க இல்ல. மனசு சரியில்லாத பிள்ளைங்ககூட உக்காந்து பேசுறவங்க, கவுன்சிலர். மொத தடவை மாரி வாயே தெறக்கல. அடுத்த தடவையும் தெறக்கல, புளியங்கொட்டையை வெச்சு ஒத்தையா ரெட்டையா விளையாடிட்டுப் போயிட்டா. மூணாவது தடவை விளையாடிக்கிட்டு இருக்கும்போது, வெளிய டக் டக்னு சத்தம். மாரி டீச்சர் சேலையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

டீச்சர் மெதுவா கேட்டாங்க. "யாரு வர்றாங்கன்னு பயப்படுற?"

"அம்மா செத்துட்டாங்கன்னு சொல்ல வர்றாங்க."

சொல்லிட்டு அந்தச் சேலையிலயே முகத்தைப் புதைச்சுக்கிட்டா. வந்தது சத்துணவு ஆயா, கதவைத் தாண்டிப் போயிட்டாங்க.

அப்புறம் கொட்டிட்டா எல்லாத்தையும். தான் கத்தாம நின்னதையும் சொன்னா. பயத்துல சத்தம் வராம போறது பெரியவங்களுக்கும் நடக்கும், அது உன் தப்பில்லன்னு டீச்சர் சொன்னாங்க.

"அம்மாவுக்கு மறுபடி வராதுல்ல?"

டீச்சர் புளியங்கொட்டையைக் கீழ வெச்சாங்க. "வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன் மாரி. வந்தா என்ன செய்யணும்னு எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்குவோம்."

அம்மாவையும் அத்தையையும் கிளாஸ் டீச்சரையும் வரவழைச்சு, மாரியோட பயத்தைச் சொல்லி, செய்ய வேண்டியதையும் சொல்லிக்குடுத்தாங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், அமுக்கிப் பிடிக்கக்கூடாது, வாயில எதையும் திணிக்கக்கூடாது, நிக்காம இழுத்தா ஆம்புலன்ஸ். கையில இரும்புச் சாவி குடுக்க வேண்டாமான்னு அத்தை கேட்டாங்க. வேண்டாம்னாங்க ரெஜினா டீச்சர். வெறும் வயித்துவலின்னு நெனச்சிருந்த அம்மா, மாரியை மடியில போட்டுக்கிட்டு எழுந்திரிக்கவே இல்ல.

அப்புறம் கொஞ்ச நாள் வாந்தி இல்ல.

அப்போ ஒரு மத்தியானம், டக்... டக்... டக். கிளாஸ் வாசல்ல ஆயா. "மாரிச்செல்வி, வீட்லருந்து போன்."

மாரிக்கு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. கிளாஸ் டீச்சரே அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. தெருமுனையில கால் நகரல. வீட்டு வாசல்ல கூட்டம். மாரிக்குத் திரும்பி ஓடிரலாமான்னு இருக்கு. டீச்சர் இழுக்கல, தள்ளல, கூட நின்னாங்க.

அவளே உள்ள போனா.

அம்மா ஒருக்களிச்சுப் படுத்திருக்காங்க. பக்கத்துல அத்தை. இழுப்பு நின்னுருச்சு. மாரி குனிஞ்சு மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாத்தா. சூடா, புஸ்... புஸ்...

ரொம்ப நேரம் கழிச்சு அம்மா கண்ணைத் தெறந்து, யாரோ எவரோன்னு பாத்தாங்க. அப்புறம்தான் அடையாளம் தெரிஞ்சுது.

"சாப்டியா மாரி?"

இல்லைன்னு சொன்னா மாரி. சொன்னதும், அன்னிக்கு வராத அந்த சத்தம் மொத்தமும் வந்துது, ஓன்னு. யாரும் அடக்கல.

மறுநாள் யூனிஃபார்ம் போட்டுட்டு, "பயமா இருக்கும்மா"ன்னா. "எனக்கும்தான்"னாங்க அம்மா. ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனாங்க.

அவ்வளவுதான் கதை. அவங்க பள்ளிக்கூடத்துக்குப் போயாச்சு, நீயும் கண்ணை மூடு.